பக்கத்துத் தெருவில் பிறந்த ராக்

லண்டன் ரீஜன்ட் தெருவுக்குப் பின்னால் உணவகங்கள் நிறைந்த ஒரு சின்னத் தெரு இருக்கிறது. பெயர் ஹெடன் தெரு. அங்கே 23-ஆம் எண் கட்டடச் சுவரில் ஒரு நினைவுப் பலகை. பெரிய மனிதர்கள் வாழ்ந்த வீடுகளில் இப்படிப் பலகை பதிப்பது 1860-களிலிருந்து லண்டனில் இருந்துவரும் வழக்கம். ஆனால், இந்தப் பலகைக்குரியவர் உலகில் வாழ்ந்ததே இல்லை. அவர் ஜிக்கி ஸ்டார்டஸ்ட். டேவிட் போவி என்ற பாடகர் தன் கற்பனையில் உருவாக்கி, 1972-ல் வெளியிட்ட ஆல்பத்தின் நாயகன். 2012-ல் இந்தப் பலகையைத் திறந்து வைத்தார்கள்.

அந்த ஆல்பத்தின் அட்டைப் படத்தை எடுத்தது இந்த வாசலில்தான். 1972 ஜனவரி, மழை இரவு. புகைப்படக்காரர் பிரையன் வார்டின் ஸ்டூடியோ இதே தெருவில் இருந்தது. உள்ளே படமெடுத்துக்கொண்டிருந்தவர், வெளியே போய்ச் சில படங்கள் எடுக்கலாமே என்றார். குளிருக்கு அஞ்சி இசைக்குழுவின் மற்றவர்கள் உள்ளேயே தங்கிவிட, போவி மட்டும் கிதாரோடு இறங்கி வந்தார். ஃபர் கோட் வியாபாரம் செய்த 'கே. வெஸ்ட்' நிறுவனத்தின் பெயர்ப் பலகைக்குக் கீழே, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றார். கறுப்பு வெள்ளையில் எடுத்த படத்துக்குப் பிற்பாடு வண்ணம் தீட்டினார்கள். செவ்வாயிலிருந்து வந்தவனைப் போன்ற தோற்றம் அப்படித்தான் கிடைத்தது. அட்டையின் பின்பக்கத்தில் அவர் சிவப்புத் தொலைபேசிப் பெட்டிக்குள் நிற்கிறார். அதுவும் அதே தெருவில், சில எட்டு வைத்தால் வந்துவிடும் இடம். இப்போது அங்கே நிற்பது அந்தப் பழைய பெட்டி அல்ல. இருந்தாலும் படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

எங்கள் வழிகாட்டி தன் சுற்றுலாவை இங்கிருந்துதான் தொடங்கினார். அறுபதைத் தாண்டியவர், லண்டனின் கறுப்பு டாக்ஸி ஓட்டுநர். அந்த நகரில் கறுப்பு டாக்ஸி ஓட்டும் உரிமம் சுலபமாகக் கிடைப்பதில்லை. சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றித் தேர்வில் தேற வேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். தெருக்களை அப்படிக் கற்றவர்களில் சிலர், அவற்றில் நடந்த இசையையும் சேர்த்துப் படித்து வழிகாட்டிகளாக ஆகிவிடுகிறார்கள். நீல பேட்ஜ் என்ற தகுதித் தேர்வில் தேறிய நடைவழிகாட்டிகளும் உண்டு. மாடி பஸ்ஸில் ஒலிபெருக்கி வைத்து நடத்தும் கூட்டச் சுற்றுலாவில் நிற்கும் இடங்களும் சொல்லும் கதைகளும் முன்பே முடிவானவை. தனி வழிகாட்டி அப்படியல்ல. உங்களுக்குப் பிடித்த குழு எது, எந்தக் காலத்து இசை, எவ்வளவு நடக்க முடியும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வழியை அமைக்கிறார். லண்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் எங்கள் பட்டியலை அனுப்பியிருந்தான். அதில் நான் சேர்க்கச் சொன்ன ஒரு பெயர் சென்னையில் பிறந்தவருடையது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மலையும் பாலைவனமும் வேண்டாம்!

ஹெடன் தெருவிலிருந்து இரண்டு மூன்று நிமிட நடையில் சாவில் ரோ. கோட் தைக்கும் தையற்கலைஞர்களால் பெயர் பெற்ற தெரு. அங்கே 3-ஆம் எண் கட்டடத்தை 1968-ல் பீட்டில்ஸ் தங்கள் ஆப்பிள் நிறுவனத்துக்காக வாங்கினார்கள். மறு ஆண்டு ஜனவரியில் ஒரு படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒத்திகையிலிருந்து தொடங்கி ஒரு நேரடி நிகழ்ச்சியில் முடிய வேண்டிய படம் அது. எங்கே நடத்துவது? லிபியாவில் கடலோரம் சிதைந்து கிடக்கும் ரோமானிய அரங்குக்குப் போகலாம் என்றார் இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக். கப்பலேறிப் போகும் யோசனையும் வந்தது. பேசிப் பேசி எதுவும் ஒத்துவராமல், கடைசியில் மாடிப்படி ஏறினார்கள். 1969 ஜனவரி 30, மதிய உணவு நேரம். மொட்டை மாடியில் 42 நிமிடம் வாசித்தார்கள். கீழே தெருவில் கூடியவர்களுக்குப் பாட்டு கேட்டது, பாடியவர்கள் தெரியவில்லை. அதே தெருவில் 27-ஆம் எண்ணில் இருந்த காவல் நிலையத்திலிருந்து போலீசார் நடந்தே வந்து நிறுத்தச் சொன்னார்கள். பீட்டில்ஸ் நால்வரும் மக்கள் காதில் விழும்படி சேர்ந்து வாசித்த கடைசித் தருணம் அது.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு கதை. முடியவிருந்த ஆல்பத்துக்கு 'எவரெஸ்ட்' என்று பெயர் வைக்க எண்ணியிருந்தார்கள். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் புகைத்த சிகரெட்டின் பெயர் அது. இமயமலைக்குப் போய் அட்டைப் படம் எடுக்கும் பேச்சும் அடிபட்டது. அவ்வளவு தூரம் யார் போவது என்று ஸ்டூடியோ வாசலில் இருந்த தெருவின் பெயரையே ஆல்பத்துக்கு வைத்தார்கள். 8-ஆம் தேதி காலையில் வெளியே வந்து, நடைபாதைக் கோடுகளில் சில முறை குறுக்கே நடந்தார்கள். ஒரு போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்திவைக்க, புகைப்படக்காரர் இயன் மேக்மிலன் சிறு ஏணியில் நின்று ஆறு படங்கள் எடுத்தார். பத்து நிமிட வேலை. அபே ரோடு உலகப் புகழ் பெற்றது அப்படித்தான்.

ஹெடன் தெரு, சாவில் ரோ, அபே ரோடு மூன்றையும் ஒரே நாளில் பார்க்கும்போது ஒன்று உறைக்கிறது. லண்டன் ராக் இசையின் பெரிய கணங்கள் பல, தேடிப் போய் நிகழ்த்தியவை அல்ல. வாசலுக்கு வெளியே, மாடிக்கு மேலே, அடுத்த தெருவில் நடந்தவை. பாடும் அறை, பதிவு செய்யும் அறை, பாட்டை விற்கும் அலுவலகம், கிதார் விற்கும் கடை, நள்ளிரவில் சாப்பாடு கிடைக்கும் இடம் எல்லாமே ஒரு நடைக்குள் இருந்தன. காசில்லாத இருபது வயதுப் பையன்களுக்கு எட்டும் வாடகையில் இருந்தன. இந்த இசையின் தொடக்கத்தைத் திறமையைக் கொண்டு மட்டும் விளக்கப் பார்ப்பவர்கள் சோஹோவுக்குள் ஒரு பிற்பகல் நடந்து பார்க்க வேண்டும்.

சோஹோவின் நிலவறைகள்

சோஹோவுக்குள் டாக்ஸி உதவாது. குறுகலான தெருக்கள், வண்டி நிறுத்த இடமில்லை. வழிகாட்டி வண்டியை வெளியே விட்டுவிட்டு எங்களை நடத்தியே கூட்டிப்போனார்.

ஓல்ட் காம்ப்டன் தெருவில் 59-ஆம் எண். 1956-லிருந்து இங்கே 'டூ ஐஸ்' காபி பாருக்குக் கீழே, மூச்சு முட்டும் ஒரு நிலவறையில் பையன்கள் பாடினார்கள். அப்போது ஸ்கிஃபிள் என்றொரு அலை. துணி துவைக்கும் பலகையில் தாளம், தேயிலைப் பெட்டியில் ஒரு கம்பும் கயிறும் கட்டினால் பாஸ், இருப்பவனிடம் ஒரு மலிவான கிதார். வாத்தியம் வாங்கக் காசில்லாத தலைமுறையைப் பாட வைத்தது அந்த அலைதான். டாமி ஸ்டீலும் கிளிஃப் ரிச்சர்டும் அந்த நிலவறையிலிருந்து மேலே வந்தவர்கள். கிளிஃப் 1940-ல் லக்னோவில் பிறந்தவர்.

வார்டூர் தெரு 90-ஆம் எண்ணில் 1964 முதல் 1988 வரை இருந்தது மார்க்கீ கிளப். அதற்கு முன்பு ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இருந்தது. 1962 ஜூலை 12-ஆம் தேதி ரோலிங் ஸ்டோன்ஸ் அந்தப் பெயரில் முதன்முதலாக மேடையேறியது அந்தப் பழைய மார்க்கீயில். வார்டூர் தெருவுக்கு வந்த பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் 'தி ஹூ' வாசித்தார்கள். தொடக்க காலத்தில் கிளப்பில் மது கிடையாது. அதனால் வாசித்தவர்களும் கேட்க வந்தவர்களும் சில கதவுகள் தள்ளி இருக்கும் 'ஷிப்' பப்பில் போய் உட்கார்ந்தார்கள். கிளப் போய்விட்டது, பப் இருக்கிறது. எங்கள் வழிகாட்டி பள்ளி நாட்களில் மார்க்கீ வாசலில் வரிசையில் நின்றவர். வரிசை எந்தக் கடை வரை நீளும் என்று கையை நீட்டிக் காட்டினார். நினைவுப் பலகையில் படிக்கக் கிடைக்காத விவரம் அது. தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

வார்டூர் தெருவிலிருந்து டீன் தெருவுக்குப் போகும் குறுக்குச் சந்து செயின்ட் ஆன்ஸ் கோர்ட். அங்கே 17-ஆம் எண்ணில் டிரைடென்ட் ஸ்டூடியோ. 1968 கோடையில் பீட்டில்ஸ் தங்கள் வழக்கமான ஸ்டூடியோவை விட்டு 'ஹே ஜூட்' பாடலுக்காக இங்கே வந்ததற்குக் காரணம் ஓர் இயந்திரம். அப்போது அபே ரோடில் இருந்த அந்த ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில் நாடாவில் நான்கு தடங்கள்தான் பதிய முடியும். குரல் ஒரு தடம், டிரம்ஸ் ஒரு தடம் என்று நான்கும் நிறைந்துவிட்டால், எல்லாவற்றையும் கலந்து வேறு நாடாவில் ஒரே தடமாக்கிவிட்டு மேலே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை அப்படிக் கலக்கும்போதும் ஒலியின் தெளிவு கொஞ்சம் குறையும், கலந்ததைப் பிரிக்கவும் முடியாது. டிரைடென்ட்டில் எட்டுத் தட இயந்திரம் வேலை செய்துகொண்டிருந்தது. ஜிக்கி ஸ்டார்டஸ்ட்டையும் இங்கேதான் பதிவு செய்தார்கள். படம் எடுத்த ஹெடன் தெருவும் இதிலிருந்து நடக்கும் தூரமே. குவீன் குழுவின் முதல் ஆல்பம் பிறந்ததும் இதே கட்டடத்தில். காசு கொடுத்த கலைஞர்கள் வீட்டுக்குப் போன பிறகு, ஸ்டூடியோ சும்மா கிடக்கும் இரவு நேரத்தில் அந்த நால்வரும் வந்து வாசித்தார்கள். அவர்களில் பாடகராக இருந்த ஃப்ரெடி மெர்குரி சான்சிபாரில் பிறந்தவர். நம் மகாராஷ்டிரத்தின் பாஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தபோதே தோழர்களோடு ஒரு குழு வைத்திருந்தார்.

நூறு மீட்டர் தெரு

சோஹோவின் கிழக்கு ஓரத்தில் டென்மார்க் தெரு. முழு நீளமும் நூறு மீட்டர் சொச்சம்தான். இந்தத் தெருவுக்கு ஈடாக ஓர் இடம் ராக் வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1911-லிருந்து பாட்டுப் பதிப்பாளர்கள் இங்கே குடியேறினார்கள். அச்சிட்ட பாட்டுத்தாளை விற்று வாழ்ந்த காலம் அது. அவர்களைத் தேடிப் பாடலாசிரியர்கள் வந்தார்கள். அவர்கள் பாட்டைப் பதிவு செய்து காட்ட மலிவான ஸ்டூடியோக்கள் வந்தன. வாசிப்பவர்களுக்காகக் கிதார் கடைகள் வந்தன. இவர்களைப் பற்றி எழுத 1952-ல் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகை வந்தது. ஒரு தொழில் முழுவதும் ஒரே தெருவில்!

4-ஆம் எண்ணில் ரீஜன்ட் சவுண்ட்ஸ். சுவரில் ஒலியடைக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்த சின்ன ஸ்டூடியோ. ரோலிங் ஸ்டோன்ஸ் 1964 தொடக்கத்தில் தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிந்தது இங்கே. அறை சிறியது என்பதால் ஒருவர் வாத்தியம் மற்றவர் மைக்கில் புகுந்துவிடும். அந்த ஆல்பத்தின் முரட்டு ஒலிக்கு அதுவே காரணம். ஸ்டூடியோ போனாலும் அதே பெயரில் இன்று ஒரு கிதார் கடை நடக்கிறது. அக்கா மகன் உள்ளே போய் ஒரு கிதாரை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டான். "அஞ்சு நிமிஷம் மாமா" என்றான். அரை மணி ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

6-ஆம் எண்ணின் பின்பக்க அறையில் 1970-களின் நடுவில் செக்ஸ் பிஸ்டல்ஸ் தங்கி ஒத்திகை பார்த்தார்கள். அவர்களின் பாடகர் ஜானி ராட்டன் சுவரில் கிறுக்கிய கேலிச் சித்திரங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த வீட்டுக்கு 2016-ல் உயர்தரப் பாதுகாப்புச் சின்னம் என்ற தகுதி கிடைத்தபோது, அந்தக் கிறுக்கல்களும் காரணமாகச் சொல்லப்பட்டன. அரசுகளையும் மரபுகளையும் திட்டிப் பாடிய குழுவின் சுவர்க் கிறுக்கலை அரசே காப்பாற்றுகிறது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அடுத்த தலைமுறை அந்த அறையின் அளவைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆனால், சுவர் தப்பியது, தொழில் தப்பவில்லை. தெருமுனைக்கு அருகில் இருந்த அஸ்டோரியா அரங்கம் 2009-ல் மூடப்பட்டு, கிராஸ்ரெயில் ரயில் பாதைக்காக இடிக்கப்பட்டது. டென்மார்க் தெருவிலேயே இருந்த '12 பார்' என்ற சிறிய கிளப் 2015 ஜனவரியில் மூடியது. இன்று அங்கே ராட்சதத் திரைகளோடு அவுட்டர்நெட் வளாகம் நிற்கிறது. அதன் கீழே புதிய இசை அரங்கம் கட்டியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் முதல் கச்சேரிக்கு முப்பது பேரைக் கூட்டிவரும் பையன்கள் ஈராயிரம் பேர் அரங்கில் தொடங்க முடியாது. 2007 முதல் 2015 வரையிலான எட்டு ஆண்டுகளில் லண்டன் தன் சிறிய இசை அரங்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது என்று மேயர் அலுவலக அறிக்கையே சொல்கிறது. வாடகை, வரி உயர்வு ஒரு பக்கம். பக்கத்தில் புதிதாக எழும் அடுக்குமாடியில் குடிவந்தவர்கள் சத்தம் என்று புகார் கொடுப்பது இன்னொரு பக்கம். 2018-ல் இங்கிலாந்தின் கட்டட அனுமதிக் கொள்கை இதில் ஒரு நியாயத்தைச் சேர்த்தது. பழைய கிளப்புக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டுபவர்தான் ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும். பல கிளப்புகளுக்கு அந்த விதி தாமதமாக வந்தது.

ஹாண்டலின் பக்கத்து வீட்டுக்காரர்

மேஃபேரில் புரூக் தெரு. 25-ஆம் எண்ணில் 1723 முதல் 1759-ல் இறக்கும்வரை வாழ்ந்தார் இசைமேதை ஹாண்டல். 23-ஆம் எண்ணின் மேல்மாடியில் 1968-ல் தன் தோழி கேத்தி எட்சிங்ஹமோடு குடியேறினார் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். பக்கத்து வீட்டின் வரலாறு தெரிந்ததும் கடைக்குப் போய் ஹாண்டலின் இசைத்தட்டுகளை வாங்கிவந்தார். திரைச்சீலைகள் ஆக்ஸ்ஃபோர்டு தெரு ஜான் லூயிஸ் கடையில் வாங்கியவை. 2016-லிருந்து அந்தப் படுக்கையறையைப் பழையபடி அலங்கரித்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். இந்த நகரில் உள்ளே போய் நின்று பார்க்கக் கூடிய ராக் வீடுகள் மிகச் சில. இதைத் தவறவிடக் கூடாது. மேடையில் கிதாரைக் கொளுத்தியவர் குடியிருந்த அறை எவ்வளவு அடக்கமானது என்று உள்ளே போனால்தான் தெரிகிறது. 1966 செப்டம்பரில் லண்டன் வந்து இறங்கிய அன்றே அவர் வாசித்த கிளப் மேசன்ஸ் யார்டில் இருக்கிறது. அதே முற்றத்தில் இருந்த இண்டிகா கேலரியில்தான் அதே ஆண்டு நவம்பரில் ஜான் லென்னன் யோகோ ஓனோவைச் சந்தித்தார்.

சென்னையில் பிறந்த டிரம்மர்

பிற்பகலில் டாக்ஸி அபே ரோடு போனது. 1931-ல் இசையமைப்பாளர் எல்கர் நடத்திய இசைப்பதிவோடு தொடங்கிய ஸ்டூடியோ இது. பொதுமக்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது. வாசல் சுவரில் ரசிகர்கள் எழுதிக்கொண்டே இருப்பார்கள், அடிக்கடி வெள்ளையடித்து மறுபடி எழுத இடம் தருகிறார்கள். நடைபாதைக் கோடுகளுக்கு 2010-ல் பாதுகாப்புச் சின்னத் தகுதி கிடைத்தது. ஓடும் வண்டிகளுக்கு நடுவே நான்கு நான்கு பேராகப் படமெடுக்கும் கூட்டம் எப்போதும் இருக்கும்.

நான் பட்டியலில் சேர்க்கச் சொன்ன பெயர் பீட் பெஸ்ட். 1941 நவம்பர் 24 அன்று அன்றைய மதராஸில் பிறந்தவர். 1960 முதல் இரண்டு ஆண்டுகள் பீட்டில்ஸின் டிரம்மர். 1962 ஜூன் 6-ஆம் தேதி அந்த நால்வரும் இந்தக் கட்டடத்துக்கு முதன்முதலாக வந்தபோது டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு அவர் வாசிப்பு திருப்தி தரவில்லை. ஆகஸ்டில் அவரை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். முதல் இசைத்தட்டு அக்டோபரில் வந்தது. கூட்டம் படமெடுக்கும் அந்தக் கோடுகளை அவர் பீட்டில்ஸாக ஒருபோதும் கடந்ததில்லை. வாசற்படிகளைக் காட்டி, அன்று அவர்கள் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு இந்த வழியாகத்தான் போயிருப்பார்கள் என்றார் வழிகாட்டி. நான் வெகு நேரம் அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பீட்டில்ஸின் கதையில் நம் ஊருக்கு இருக்கும் பங்கு அது. அதை நாம் இன்னும் அதிகமாகப் பேசலாம்.

ஹேமர்ஸ்மித் நடக்கும் தூரத்தில் இல்லை. 1932-ல் சினிமாக் கொட்டகையாகக் கட்டிய அந்தப் பெரிய அரங்குக்கு இப்போது ஈவென்டிம் அப்பல்லோ என்று பெயர். ஹேமர்ஸ்மித் ஓடியன் என்று இருந்த நாளில், 1973 ஜூலை 3 இரவு, போவி இந்த மேடையில் இதுவே கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்து ஜிக்கி ஸ்டார்டஸ்ட்டுக்கு முடிவு கட்டினார். கூட வாசித்தவர்களில் இருவருக்கே அது அப்போதுதான் தெரியும். 2025 மார்ச் 8 அன்று அதே அரங்கில் இளையராஜா தன் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். அந்த வாசலில் நிற்கும் தமிழர் எவருக்கும் இந்த இரண்டு இரவுகளும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

நேரம் இருந்தால் பாடகர் மார்க் போலன் 1977-ல் கார் விபத்தில் இறந்த பார்ன்ஸ் மரத்தடி, போவிக்கு ரசிகர்கள் பூ வைக்கும் பிரிக்ஸ்டன் சுவரோவியம் என்று இன்னும் போகலாம். பிங்க் ஃபிளாய்ட் 1976-ல் காற்றடைத்த பன்றியைப் பறக்கவிட்ட பேட்டர்சி மின் நிலையமும் உண்டு. அதை வடிவமைத்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்தான் லண்டனின் சிவப்புத் தொலைபேசிப் பெட்டியையும் வடிவமைத்தவர். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு இடங்களில் நிதானமாக நிற்பது மேல்.

லண்டன் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் பட்டியலை வழிகாட்டிக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். சோஹோவை நடந்தே பாருங்கள். அபே ரோடுக்குத் தனியாகப் போவதென்றால் செயின்ட் ஜான்ஸ் வுட் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். அபே ரோடு என்ற பெயரிலேயே ஒரு நிலையம் கிழக்கு லண்டனில் இருக்கிறது, அது வேறு இடம். மாலையை மட்டும் காலியாக வையுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு தெரு 100-ஆம் எண்ணில், நிலவறையில் '100 கிளப்' இருக்கிறது. 1942-லிருந்து அங்கே இசை கேட்கிறது. 1976 செப்டம்பரில் பங்க் இசைத் திருவிழா நடந்த அறை அது. சுமார் 350 பேர்தான் கொள்ளும். 2010-ல் மூடும் நிலைக்கு வந்து மீண்டது. பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் மாநகர மன்றம் அதற்கு வரிச் சலுகை கொடுத்தது. அன்றிரவு யார் வாசித்தாலும் சரி, பெயர் தெரியாத குழுவாகவே இருந்தாலும் ஒரு டிக்கெட் வாங்கி உள்ளே போங்கள். அந்த அறையைத் திறந்து வைத்திருப்பது அந்த டிக்கெட்தான்.